பத்தாவது ஆள்

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் யூதர், அறுபதைத் தாண்டியவர். நான்கு வருடப் பழக்கத்தில் அவர் ஜெப ஆலயத்துக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. இந்த முறை ஆயுத பூஜை அன்று மாலை சுண்டல் கொடுக்கப் போனபோது, வெள்ளைச் சட்டை, கோட்டு எல்லாம் போட்டு, காலில் மட்டும் துணி ஷூவோடு கிளம்பிக்கொண்டிருந்தார். "நாளை இரவு வரை தண்ணீர்கூடக் கிடையாது" என்று சுண்டலை மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைப்பையில் டிக்கெட் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். சாமி கும்பிட டிக்கெட்! பல நூறு டாலராம். நம் கோயில்களின் சிறப்பு தரிசன வரிசையைத் திட்டியே வளர்ந்தவன் நான். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் இரவு அவர் கொல்லைப்பக்கம் சுத்தியல் சத்தம். பட்டினி கிடந்த மனிதர் குடிசை கட்டுகிறார்! வருடமெல்லாம் கடவுளைப் பற்றிப் பேச்சே எடுக்காதவருக்கு இந்த ஒரு மாதம் மட்டும் என்ன ஆகிறது? 14ஆம் தேதி இரவு அவர்கள் ஆலயத்தில் தோரா விழாவாம், குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். போகலாமா?

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

டிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வருத்தம் அங்கேதான் இருக்கிறது.

அது தரிசன டிக்கெட் மாதிரி இல்லை. நம் கிராமங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி எடுப்பார்களே, அதற்குத்தான் இது நெருங்கிய சொந்தம். அமெரிக்காவில் அரசாங்கம் எந்த ஆலயத்தையும் நடத்துவதில்லை. ஓய்வுநாளிலும் பண்டிகை நாளிலும் யூதர்கள் காசைத் தொடக்கூடாது என்பதால் உண்டியல் குலுக்கவும் வழியில்லை. ரபி என்ற மதகுருவின் சம்பளம், குளிர்காலத்து வெப்பமூட்டும் செலவு, பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லித்தரும் பள்ளி, ஒழுகும் கூரை எல்லாம் உறுப்பினர் சந்தாவில்தான் ஓடுகின்றன. உறுப்பினருக்கு இந்தப் பண்டிகை இருக்கை பெரும்பாலும் சந்தாவோடு சேர்ந்தே வந்துவிடும். உறுப்பினரல்லாதவர் தனியாக வாங்க வேண்டும். மற்ற வாரங்களில் பாதி காலியாகக் கிடக்கும் கூடம் ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டுக்கும், உங்கள் நண்பர் பட்டினி இருந்த யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாளுக்கும் நிரம்பி வழியும். சென்ற நூற்றாண்டின் நடுவில் கட்டிய பல ஆலயங்களில் கூடத்தின் பின்சுவரே மடக்குக் கதவாக இருக்கும். இந்த நாட்களில் அதைத் திறந்து, பின்னால் உள்ள விருந்து மண்டபத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். நூறு வருடங்களுக்கு முன் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஏழைக் குடியேறிகளுக்கு இடம் போதாமல், நாடகக் கொட்டகைகளையும் நடன மண்டபங்களையும் இந்தச் சில நாட்களுக்கு வாடகைக்குப் பிடித்துத் தொழுகை நடத்தினார்கள். மழைக்கு முளைத்து மறைவதால் அவற்றுக்குக் காளான் ஆலயங்கள் என்று பெயர்.

அதற்காக டிக்கெட்டில் தப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பணம் இல்லை என்று அலுவலகத்தில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்த ஒரு நிமிடம் கஷ்டமானது. இப்போது பல ஆலயங்கள் 'முடிந்ததைக் கொடுங்கள்' என்ற முறைக்கு மாறிவருகின்றன. அது பரவ வேண்டும் என்பதுதான் என் ஆசை.

டிக்கெட்டுக்கு இன்னொரு காரணமும் வந்து சேர்ந்திருக்கிறது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஆலயத்துக்குள் ஒருவன் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றான். 2019 யோம் கிப்பூர் அன்று ஜெர்மனியின் ஹாலே நகரில், ஐம்பது பேர் போல உள்ளே தொழுதுகொண்டிருக்க, வெளியிலிருந்து ஒருவன் கதவைச் சுட்டான். கதவு தாங்கிக்கொண்டது. அவன் ஆத்திரத்தில் தெருவில் போன பெண்ணையும் கடையில் இருந்த இளைஞனையும் கொன்றான். இந்த வருடம், 2025இல், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி இருந்த அதே வியாழக்கிழமை, இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆலய வாசலில் தாக்குதல் நடந்து இரண்டு பேர் போனார்கள். வாசலில் போலீஸ் நிற்பதும் உள்ளே வருபவர் பெயரைப் பட்டியலில் பார்ப்பதும் இதனால்தான்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். வருடமெல்லாம் போகாதவர் இப்போது ஏன் போகிறார்?

யூதத் தொழுகையின் அடித்தளம் ஒரு எண்ணிக்கை. பத்துப் பேர். மின்யான் என்பார்கள். மரபுவழி ஆலயங்களில் பதிமூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர், மற்ற பல ஆலயங்களில் பெண்களும் கணக்கில் உண்டு. ஒன்பது மகாஞானிகள் கூடினாலும் தோரா என்ற வேதச் சுருளை எடுத்து முறைப்படி வாசிக்க முடியாது. இறந்துபோன தாய் தகப்பனுக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனையையும் சொல்ல முடியாது. பத்தாவதாக ஒரு செருப்புத் தைப்பவர் வந்து உட்கார்ந்தால் முடியும். அவருக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆள் வந்தால் போதும். உங்கள் நண்பர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் இருக்கை காலியாக இருந்தால் அது தெரியும் என்கிற உணர்வோடு வளர்ந்த சமூகம் அது.

நான் ஒரே ஒருமுறை யோம் கிப்பூரை முழுதாகப் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில், ஒரு நண்பரின் விருந்தாளியாக. முந்தின நாள் மாலை கோல் நித்ரே என்ற தொடக்கத் தொழுகை. தோராச் சுருள்களை வெளியே எடுத்துக் கையில் ஏந்தி நிற்பார்கள். அரமேய மொழியில் ஒரே வாசகத்தை மூன்று முறை பாடுவார்கள், ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் உயரும். கல் கரைகிற மாதிரி ஒரு ராகம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அதற்கு முன் சொல்லும் ஓர் அறிவிப்பு. மேலுலக நீதிமன்றத்தின் பெயராலும் இந்த மண்ணுலக நீதிமன்றத்தின் பெயராலும், தவறு செய்தவர்களோடு சேர்ந்து தொழ அனுமதிக்கிறோம் என்று அது சொல்கிறது. பாவிகள் இல்லாத நோன்பு நோன்பே அல்ல என்பது அவர்களுடைய பழைய சட்ட விளக்க நூலான தல்மூதின் வாக்கு. அதற்கு அவர்கள் காட்டும் சான்று, ஜெருசலேமின் பழைய கோயிலில் புகைத்த பதினொரு வாசனைப் பொருட்கள். அதில் ஒன்று கல்பானம் என்ற பிசின். தனியே மோந்தால் நாறும். அதுவும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். ஊருக்கு வந்தபின் தேடிப் பார்த்தேன், அந்தச் செடி நம் பெருங்காயச் செடியின் நெருங்கிய உறவு. சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறிவிப்பு ஞாபகம் வருகிறது.

மறுநாள் முழுக்கப் பாவ அறிக்கை. அஷம்னு, பகத்னு, கஸல்னு என்று எபிரேய அகரவரிசையில் போகும். நம் குழந்தைகள் அகரவரிசையில் அறம் படிக்கிற மாதிரி, அவர்கள் அகரவரிசையில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் வலது கை முட்டியால் நெஞ்சில் லேசாக ஒரு தட்டு. சில நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டும்போது கூடத்தில் மணல்மூட்டையை இறக்குவது போல ஒரு சத்தம் எழுந்து அடங்கும். எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டி, விரல்மூட்டெல்லாம் வீங்கிப்போன கை, மோதிரம் உள்பக்கமாகச் சுழன்றிருக்கிறது, ஒரு தட்டைக்கூட விடவில்லை. அந்த அம்மாள் எதைக் களவாடியிருப்பார்?

விஷயம் அந்த விகுதியில் இருக்கிறது. எல்லாச் சொல்லும் 'னு' என்று முடிகிறது, நம் 'செய்தோம்' என்பதில் வரும் 'ஓம்' போல. குற்றம் செய்தோம், துரோகம் செய்தோம், களவாடினோம், அவதூறு பேசினோம். எங்கும் 'செய்தேன்' இல்லை. யார் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்வதே இல்லை. களவாடியவன் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அவன் தனியே எழுந்து நின்று சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பாட்டி அவனுக்கும் சேர்த்து நெஞ்சில் தட்டிவிடுகிறார். எபிரேயத்தில் நாம், நாங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. கடவுளிடம் சொல்வதால் தமிழில் 'நாங்கள்' என்றுதான் எழுத வேண்டும். எனக்கென்னவோ அங்கே உட்கார்ந்திருந்தபோது அது 'நாம்' என்றே காதில் விழுந்தது.

அப்புறம் நடுப்பகலில் யிஸ்கோர், இறந்தவர்களை நினைக்கும் வேளை. அது தொடங்கும் முன், தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இருப்பவர்கள் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடுவார்கள், அப்படி ஒரு வழக்கம். இளைஞர்களும் குழந்தைகளும் போனார்கள். விருந்தாளிதானே என்று நானும் எழுந்தேன். நண்பர் என் முழங்கையைப் பிடித்து, "உன் அப்பா இல்லையே, உட்கார்" என்றார். என் அப்பா போய் அப்போது ஏழு வருடம். மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விட நான் ஊரில் இல்லாமல் போன வருடம் அது. உட்கார்ந்தேன். அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாமல் அப்பாவின் பெயரை மனசுக்குள் சொன்னேன்.

மகாளயம் என்று சொன்னதால் ஒன்று. நீங்கள் சுண்டலோடு போன மாலையும் அவருடைய கோல் நித்ரேயும் ஒன்றாக வந்தது வெறும் தற்செயல் இல்லை. அவர்கள் புத்தாண்டு வரும் திஷ்ரி மாதமும் அமாவாசையை ஒட்டியே பிறக்கிறது. அதனால் அவர்கள் புத்தாண்டும் நம் நவராத்திரியும் பல வருடங்களில் சேர்ந்தே தொடங்கும். பத்தாம் நாள் நமக்கு விஜயதசமி, அவர்களுக்கு யோம் கிப்பூர். 2024இல் அக்டோபர் 12, 2025இல் அக்டோபர் 2, இரண்டும் ஒரே நாள். கூடுதலாகச் சேர்க்கும் அதிக மாதத்தின் கணக்கு மாறும் வருடங்களில் மட்டும் ஒரு மாதம் விலகிப்போகும்.

நீங்கள் கேட்ட சுத்தியல் சத்தத்துக்குக் காரணம் எளிது. நோன்பு முடிந்த இரவே கூடாரப் பண்டிகைக்கு முதல் ஆணி அடிப்பது நல்லது என்பார்கள். கூரை வெட்டிய தழைகளால் ஆனதாக இருக்க வேண்டும், வெயிலைவிட நிழல் கூடுதலாக விழ வேண்டும், அதன் இடுக்கில் நட்சத்திரம் தெரிந்தால் இன்னும் நல்லது. பௌர்ணமியில் தொடங்கி ஏழு நாள் அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இந்தப் பத்துப் பேர் கணக்கு எனக்குக் கொச்சியால்தான் மறக்காமல் இருக்கிறது. மட்டாஞ்சேரியின் பரதேசி ஆலயம் 1568இல் கட்டியது. உள்ளே போக நம் கோயில் போலச் செருப்பைக் கழற்ற வேண்டும். தரையில் கையால் நீலம் தீட்டிய சீன ஓடுகள், வெறுங்காலில் சில்லென்றிருக்கும். அந்த ஆலயத்திலும் ஒரு காலத்தில் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் எல்லோரும் இல்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சம் என்று ஒரு பிரிவை ஒதுக்கி, உள்ளே பெஞ்சில் உட்காரவும் தோரா வாசிக்கவும் விடவில்லை. முன்னறையில் உட்கார வைத்தார்கள். அதே பிரிவில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து வந்த ஆபிரகாம் பராக் சேலம், காந்தியின் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். யூத காந்தி என்று அவரைச் சொல்வார்கள். தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கணக்கில் எல்லோரும் சேர்ந்த சில காலத்திலேயே, 1950களில், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐநூறு பேர் இருந்த சமூகம். இன்று மட்டாஞ்சேரியில் பத்துப் பேர் கிடையாது. வெளியூர் யூதர்கள் வந்து சேர்ந்தால்தான் எண்ணிக்கை நிறையும்.

உங்களை அழைத்திருக்கும் தோரா விழாவான சிம்ஹத் தோராதான் கொச்சிக்காரர்களின் பெருவிழாவாக இருந்தது. மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, விளக்கேற்றி, சுருள்களைத் தற்காலிகமாக அமைத்த அலங்காரப் பேழையில் வைத்தார்கள். பிற்பகலில் சுருள்களை வெளியே எடுத்து ஆலயத்தைச் சுற்றி ஊர்வலம் வந்தது அவர்களுக்கே உரிய வழக்கம். நம் சாமி புறப்பாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரிந்திருக்காது.

அதனால் கட்டாயம் போங்கள். பணம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், படம் எடுப்பதை விரும்பமாட்டார்கள். வாசலில் தலைக்குச் சின்னத் தொப்பி தருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலகாரம் எதுவும் செய்து கொண்டுபோகாதீர்கள், அவர்களுடைய உணவு விதிகள் கடுமையானவை. குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஏழு சுற்றுச் சுற்றி ஆடுவார்கள், பிள்ளைகள் கையில் கொடி இருக்கும், மிட்டாய் கிடைக்கும். பல ஆலயங்களில் அன்றிரவே, இல்லாவிட்டால் மறுநாள் காலை, தோராவின் கடைசி வரியை வாசித்து முடித்த கையோடு இன்னொரு சுருளைத் திறந்து, 'ஆதியிலே' என்று முதல் வரியைத் தொடங்குவார்கள். அதுவரை இருங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்போது எங்கே நின்றார், என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.