ஒரே கம்ப்யூட்டரில் வீட்டுப் படமும் கேமும்: வாசகர் கேள்வி – பதில்

எல்லைப் பக்க ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, வீட்டுக்குள் ஒரு மீடியா சர்வர் (படங்களைச் சேர்த்து வைத்து டிவிக்கு அனுப்பும் கம்ப்யூட்டர்) வைப்பது பற்றியே கேட்கின்றன. ஐந்தை எடுத்துக்கொண்டோம். எல்லாவற்றிலும் அடிப்படை மென்பொருள் மூன்றுதான்: படங்களை அடுக்கிக் காட்ட ஜெல்லிஃபின், கேம் காட்சியை அனுப்ப சன்ஷைன், டிவியில் அதைப் பெற்றுக் காட்ட மூன்லைட். மூன்றும் இலவசம்.

கேள்வி (செங்கோட்டை): கல்யாண வீடியோ, டிஸ்க்கிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கணும். அதிலிருந்தே ஹால் டிவியில் கேமும் ஆடணும். என்னென்ன வாங்கலாம் சார்? ராத்திரி பகலா ஓடினால் கரண்ட் பில் தாங்குமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பொருள் வாங்கும் முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: படத்தை டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் வேலை (டிரான்ஸ்கோடிங்) ஒரு சிப்பில், கேம் இன்னொரு சிப்பில் நடக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டினால்தான் திக்கல் வரும்.

பிராசசர் இன்டெல் ஐ5-12400 போதும். அதற்குள்ளேயே இருக்கும் யூஎச்டி 730 கிராஃபிக்ஸ் படத்தைப் பார்த்துக்கொள்ளும். கேமுக்கு ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற தனி கார்டு, 16 ஜிபி ராம், 550 வாட் பவர் சப்ளை. விண்டோஸுக்கும் கேமுக்கும் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. படங்களுக்குத் தனியாக 4 டிபி ஹார்ட் டிஸ்க். கேமை ஹார்ட் டிஸ்க்கில் போடாதீர்கள். ஹாலில் ஒருவர் படம் பார்க்கும்போது கேம் லோட் ஆனால் டிஸ்க்கைப் படிக்கும் முள் இரண்டு பக்கமும் அலைந்து இருவரையும் காக்க வைக்கும். கல்யாண வீடியோவுக்கு இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். இது கட்டாயம்.

பலர் தடுக்கி விழும் இடம் பயோஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை. தனி கார்டைச் செருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயோஸில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ அல்லது ‘இன்டர்னல் கிராஃபிக்ஸ்’ என்றிருப்பதை எனேபிள் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில், டிஸ்ப்ளே அடாப்டர் என்பதன் கீழ் இன்டெல், என்விடியா என இரண்டு பெயர்களும் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். இரண்டும் வந்ததும் ஜெல்லிஃபின் டேஷ்போர்டில் டிரான்ஸ்கோடிங் பக்கத்தில் ‘இன்டெல் குயிக் சிங்க்’ தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸும் நல்ல சர்வர்தான். ஆனால் வேலரன்ட் போன்ற கேம்கள் அதில் ஓடாது. பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால் விண்டோஸ்தான்.

கரண்ட் கணக்கு இது. சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை இதுவே தின்றுவிடும். இரவு 12 முதல் காலை 6 வரை ஸ்லீப்பில் போட்டால் 54 யூனிட் பக்கம் வரும். பயோஸில் ‘வேக் ஆன் லேன்’ எனேபிள் செய்திருந்தால், தூங்கும் கம்ப்யூட்டரை மூன்லைட்டிலிருந்தே எழுப்பலாம்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): என்னிடம் இருப்பது ஐ5-12400எஃப், கூடவே ஆர்டிஎக்ஸ் 3060. மகன் கேம் தொடங்கினால் ஹாலில் படம் திக்கித் திக்கி நிற்கிறது. டப்பாவைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். அந்தக் கடைசி ‘எஃப்’தான் காரணம். எஃப் போட்ட இன்டெல் பிராசசரில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. ஆகவே ஜெல்லிஃபின் படத்தை மாற்றும் வேலையைப் பிராசசரின் தலையில் கட்டுகிறது. அதே நேரம் கேமும் அதையே கேட்கிறது. டிரான்ஸ்கோடிங் பக்கத்தில் ‘என்விடியா என்வெங்க்’ என்று மாற்றுங்கள். கார்டுக்குள் வீடியோவுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, கேமை அது பெரிதாகப் பாதிக்காது. 4கே எச்டிஆர் படத்தைச் சாதாரண டிவிக்கு நிறம் மாற்றிக் கொடுக்கும்போது மட்டும் கேமின் பங்கிலிருந்தும் கொஞ்சம் எடுக்கும்.

அதைவிட நல்ல வழி, மாற்றும் வேலையே வராமல் பார்த்துக்கொள்வது. படம் ஓடும்போது பற்சக்கரக் குறியை அழுத்தி ‘பிளேபேக் இன்ஃபோ’ பாருங்கள். ‘டைரக்ட் பிளே’ என்றிருந்தால் படம் மாற்றாமல் அப்படியே ஓடுகிறது, கவலையில்லை. ‘டிரான்ஸ்கோடிங்’ என்றிருந்தால் காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். டிவிக்கு டிடிஎஸ் ஒலி தெரியாததுதான் காரணம் என்றால் ஒலியை மட்டும் மாற்றும், அது சின்ன வேலை. ப்ளூரே டிஸ்க்கின் பட வடிவ சப்டைட்டில்தான் தொல்லை. டிவி செயலி அதைக் காட்டாவிட்டால், காட்சியின் மேல் எழுதுவதற்காக முழுப் படத்தையும் பிரித்துக் கட்ட வேண்டும். அதே படத்துக்கு எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவ சப்டைட்டில் கோப்பு வைத்துவிட்டால் பெரும்பாலும் அந்தத் திக்கல் போய்விடும்.

கேள்வி (நகரி): டிவியில் கார் கேம் ஆடினால், திருப்பிய பிறகுதான் வண்டி திரும்புகிறது. சரி என்று டிவிக்கு லேன் கேபிள் இழுத்தோம். கேம் சரியாகிவிட்டது, இப்போது 4கே படம் நின்று நின்று ஓடுகிறது!

பதில்: கேபிள் இழுத்தது சரியான முடிவு. கம்ப்யூட்டரும் டிவியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு காட்சியும் காற்றில் இரண்டு தடவை போக வேண்டும். கம்ப்யூட்டர் பக்கமாவது கட்டாயம் கேபிளில் இருக்கட்டும்.

படம் நிற்பதற்குக் காரணம் டிவியின் லேன் துளை. பல டிவிகளில் அது 100 எம்பிபிஎஸ்தான். 1080பி கேமுக்கு மூன்லைட் வைத்திருக்கும் அளவு 20 எம்பிபிஎஸ், ஆகவே அது சுகமாகப் போகிறது. டிஸ்க்கிலிருந்து அப்படியே எடுத்த 4கே படம் சில காட்சிகளில் 100-ஐத் தாண்டும், அங்கேதான் நிற்கிறது. ரவுட்டர் அதே அறையில் இருந்தால் படம் பார்க்க மட்டும் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கத்தையும் பாருங்கள். விண்டோஸ் ஈதர்நெட் ஸ்டேட்டஸில் 1.0 ஜிபிபிஎஸ் என்று வர வேண்டும். 100 என்று வந்தால் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டுக் கம்பிகளும் முனை வரை வந்து, பொன்னிறப் பல் ஒவ்வொன்றும் கம்பியில் இறங்கியிருக்கணும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி எட்டாமல் நின்றாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும். கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் கிரிம்ப் செய்த இடத்தில் சீக்கிரம் முறியும்.

டிவியில் ‘கேம் மோட்’ போட மறக்காதீர்கள். கேபிளைவிட அதிகத் தாமதத்தை டிவியின் பட அலங்காரமே உண்டாக்குவதுண்டு.

கேள்வி (குமுளி): துலாவர்ஷ (ஐப்பசி மழை) இடியில் போன வருஷம் ரவுட்டரும் மதர்போர்டும் சேர்ந்து போயின. ஃபைபர் கனெக்ஷன்தானே, எப்படி வந்தது? யூபிஎஸ் போதுமா?

பதில்: கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பியும் கூட ஓடும். அதை வீட்டுக்கு வெளியே கொக்கியில் கட்டி, அங்கேயே நறுக்கிவிட வேண்டும். உள்ளே இழை மட்டும் வரட்டும். இணைப்பு கொடுப்பவரை வரச்சொல்லிக் காட்டுங்கள். மின்சார லைன் வழியாகவும் இடி ரவுட்டர் அடாப்டருக்கு வந்து, லேன் கேபிள் மூலம் மதர்போர்டுக்குத் தாவியிருக்கலாம். மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தால், முதல் இடிக்கு முன்னாலேயே பவர் பிளக், லேன் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். இதற்கு ஈடான கருவி இல்லை. மலைப்பக்கப் பாறை மண்ணில் எர்த் சரியாக அமையாது. எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். எர்த் இல்லாமல் சர்ஜ் புரொடெக்டர் பாதி வேலைதான் செய்யும்.

யூபிஎஸ் இடியைத் தடுக்காது, கரண்ட் போகும்போது டிஸ்க்கைக் காப்பாற்றும். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது இந்த மாதிரிக் கம்ப்யூட்டர் 300 பக்கம் இழுக்கும். 1000 விஏ வாங்குங்கள், தானாக ஷட்டவுன் செய்ய யூஎஸ்பி துளை உள்ளதாக.

கேள்வி (களியக்காவிளை): மானிட்டரைக் கழற்றியதும் மூன்லைட்டில் கறுப்புத் திரை. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது.

பதில்: திரை இல்லாவிட்டால் அனுப்புவதற்குக் காட்சியே உருவாகாது. கார்டில் ஒரு எச்டிஎம்ஐ டம்மி பிளக் (திரை இருப்பதுபோல் காட்டும் சின்னச் செருகி) செருகினால் போதும். மதர்போர்டு துளையில் அல்ல, கார்டின் துளையில்.

கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். ஜெல்லிஃபின் டேஷ்போர்டில் ‘ஃபால்பேக் எழுத்துரு’ (மாற்று எழுத்துரு) அமைப்பை இயக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு வைத்த ஃபோல்டரைக் காட்டுங்கள். கட்டத்துக்குப் பதில் புரியாத ஆங்கிலக் குறிகள் வந்தால் அது பழைய தமிழ் எழுத்துரு முறையில் தட்டிய கோப்பு. யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.