5040 பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கும்பகோணத்துக்காரர்: நம் ஊர் எண் என்றால் 1729தானே சார், நீங்கள் ஏன் 5040-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

1729 பேச்சுவாக்கில் வந்தது, அழகான எண்தான். ஆனால் 5040 மாதிரியான எண்கள்தான் இராமானுஜன் உட்கார்ந்து உழைத்த இடம். 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை முழுக்க இவற்றைப் பற்றியது, அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்ததும் அதனால்தான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ள எண்கள் அவை. 5040-க்கு 60 காரணிகள், அதற்குக் கீழே எதுவும் 48-ஐத் தாண்டாது.

மன்னார்குடி, பத்தாம் வகுப்பு: 60 என்று எப்படி எண்ணுவது அண்ணா, ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கணுமா?

வேண்டாம் தம்பி. 5040 = 2⁴ × 3² × 5 × 7. காரணி ஒன்றை உண்டாக்கும்போது 2-ஐ எடுக்காமலும் விடலாம், நான்கு தடவை வரையும் எடுக்கலாம், ஆக 5 வழி. 3-க்கு 3 வழி, 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு. பெருக்கினால் 60. அப்புறம் அடுக்குகளைப் பார், 4, 2, 1, 1. இந்த வகை எண்களில் அடுக்கு இறங்குமே தவிர ஏறாது, ஏனென்றால் பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால் இரண்டையும் இடம் மாற்றி அதே எண்ணிக்கையைச் சிறிய எண்ணிலேயே வாங்கிவிடலாம். நோட்டில் போட்டுப் பார்.

திருவாரூர் விவசாயி: குழி, மா கணக்குப் போடுகிற எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது ஐயா. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஆக வேலிக்கு 2000 குழி. மூன்று பங்கு வைத்தாலே மீதி விழும். 5040 குழி, அதாவது இரண்டரை வேலியும் 40 குழியும் இருந்தால், ஏழு பங்காளிக்கு ஆளுக்கு 7 மா 20 குழி, ஒன்பது பேருக்கு 560 குழி. பத்துப் பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் சரியாகப் பிரியும், பன்னிரண்டு பேருக்கும் பிரியும். 11 பேருக்குத்தான் பிரியாது.

நாகப்பட்டினத்திலிருந்து: 1 கூட்டினால்?

5041, அது 71-இன் வர்க்கம்.

தஞ்சாவூர், எம்.எஸ்ஸி. மாணவி: ரீமான் கருதுகோளில் 5040 எப்படி வருகிறது சார்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ரீமான் கருதுகோள் என்பது பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதோடு தொடர்புள்ள, இன்னும் யாரும் நிறுவாத ஊகம். அந்த 60 காரணிகளையும் கூட்டினால் 19,344. ராபின் என்ற கணித அறிஞர் 1984-இல் காட்டிய வரம்பு, எண்ணை அதன் மடக்கையின் மடக்கையாலும் (இயல் மடக்கை) சுமார் 1.781-ஆலும் பெருக்கி வருவது, 5040-க்குச் சுமார் 19,237தான். கூட்டுத்தொகை வரம்பை மீறிவிட்டது. 5040-க்கு மேல் எந்த எண்ணும் மீறாது என்று நிறுவினால் ரீமான் கருதுகோளையே நிறுவியதாகும், ஒன்றே ஒன்று மீறினாலும் கருதுகோள் பொய். கருதுகோள் உண்மையென்றால் போதிய அளவு பெரிய எண்கள் எதுவும் மீறாது என்பதை இராமானுஜன் முன்பே கண்டிருந்தார். 1915 கட்டுரையில் அச்சேறாமல் நின்ற அந்தப் பகுதி 1997-இல்தான் இதழில் வந்தது. 5040-க்கு மேல் மீறுகிற எண் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.