வயரிங் பழுதான பழைய மோட்டச்சைக்கிளைத் திருத்திறதா, விடுறதா?

வயரிங் எண்டா பற்றறி, சுவிச், லைற், இக்னிசன் எல்லாத்தையும் தொடுக்கிற வயர்க்கட்டு. அது பழுதெண்ட உடன சைக்கிளைப் பழைய இரும்புக்குக் குடுத்திடாதேங்கோ, கனக்க நேரம் வயர் நல்லாத்தான் இருக்கும், முனையளிலயும் செஸியில, அதாவது சைக்கிளின்ர இரும்புச் சட்டத்தில, பூட்டின ஏர்த்திலயும் (கரண்ட் பற்றறிக்குத் திரும்பிப் போற இணைப்பு) தான் கறளும் பச்சைக் களிம்பும் பிடிச்சிருக்கும், காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் உப்புக்காத்தில நிண்டதெண்டா சொல்லவே வேணாம். எங்கட கிணத்துத்தண்ணி ஓடின குழாய்க்குள்ள கல்லுப் பிடிக்கிற மாதிரித்தான், ராங் நிறையத் தண்ணி கிடந்தும் பைப்பால நூலாத்தான் வரும், அதுபோல பற்றறி நல்லா இருந்தும் கறள் பிடிச்ச முனையால கரண்ட் குறைவாத்தான் போகும். பழைய 6 வோல்ட் ஹொண்டாவெண்டா இன்னும் மோசம், அதே வாட் பல்புக்கு 12 வோல்டை விட ரெண்டு மடங்கு கரண்ட் ஓட வேணும்.

அதால முதல் பற்றறியைக் கழட்டிப்போட்டு ஏர்த்தைச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கோ. வயரின்ர உறை வெடிச்சு உதிருதெண்டா ஒட்டுப்போடாம முழுக்கட்டையும் மாத்திறது நல்லம். என்னைக் கேட்டா செஸி கறள்ல ஓட்டை விழுந்திருந்தாலோ, செஸி நம்பர் எஞ்சின் நம்பர் சைக்கிளின்ர பதிவுப் புக்கோட ஒத்துவராட்டியோ தான் கைவிடுவன், புக் இல்லாததுக்குக் காசு கொட்டிறது விசர்வேலை.

பியூஸ் அடிக்கடி போனா பெரிசாப் போட்டாச் சரி எண்டு கனபேர் நினைக்கினம், பியூஸ் இருக்கிறதே வயரைக் காப்பாத்தத்தான், 10 அம்பியருக்கு 20 போட்டா அடுத்து எரியிறது வயர்.