மன்னித்த பிறகும் போக வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அக்கா தன் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிறகு, நான் பேசிப் பேசியே தன்னை இணங்க வைத்துவிட்டதாக உறவினர்களிடம் சொல்லத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் சொன்னதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன், அவருக்காக ஜெபிக்கிறேன். ஆனாலும் திருவிருந்து ஞாயிறுகளில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்னும் மத்தேயு 5:23-24 உறுத்துகிறது. மன்னித்த பிறகும் நான்தான் போக வேண்டுமா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இதுவரை கைக்கொண்டிருப்பது மாற்கு 11:25. ஜெபிக்க நிற்கும்போது ஒருவர்மேல் உங்களுக்குக் குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது அது. நின்ற இடத்திலேயே அதைச் செய்துவிடலாம், எதிராளிக்குத் தெரியவேண்டியதுகூட இல்லை. மத்தேயுவில் குறை இருக்கும் இடம் வேறு. ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால் என்கிறது வசனம்: குறை அவருடையது, எழுந்து போகவேண்டியவர் நீங்கள். அந்தக் குறை நியாயமானதா என்று முதலில் விசாரித்துக்கொள் என்று ஒரு சொல்லும் அங்கே இல்லை.

இந்த வசனம் வரும் இயேசுவின் மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர்கள் நின்றது கலிலேயாவில். பலிபீடமோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் அப்பால். நாள்கணக்கில் நடந்துவந்து காணிக்கையோடு நிற்கும் ஒருவனிடம், அதை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சகோதரனைப் பார்த்துவிட்டு மறுபடியும் நடந்து வா என்று சொன்னால் கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். உங்கள் அக்கா வீடு அத்தனை தூரம் இருக்காது.

தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் ‘ஒப்புரவாகி’ என்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் பகை தீர்ந்து இணைவதைக் குறிக்கிறது. நம் சொல்லுக்கோ அதைவிடப் பழைய ஒரு கனமும் உண்டு: திருக்குறளின் 22-ஆம் அதிகாரமான ஒப்புரவறிதல், தன்னிடம் உள்ளதைப் பிறருக்குப் பயன்படச் செய்வதைக் கடமையாகப் பேசுகிறது. சொத்தால் வந்த பிணக்குக்கு இந்தச் சொல் பொருத்தமாக வாய்த்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. உயில் இல்லாதபோது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு தருகிறது. அதை விட்டுக்கொடுத்தவர் உங்கள் அக்கா. அப்படியிருக்க, அவர் பேச்சை நீங்கள் மன்னித்ததையே கடிதத்தில் முன்வைத்திருப்பது எனக்குச் சற்று நெருடலாக இருந்தது. இதைச் சொல்வதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சபையின் 1950-ஆம் ஆண்டு ஆராதனை முறையில், கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட சமாதான வாழ்த்து, காணிக்கைக்குச் சற்று முன்னால் வருகிறது. மத்தேயு சொல்லும் வரிசையும் அதுதான். ஆனால் நாம் கைகொடுப்பது பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு. அவரோடு நமக்குப் பெரும்பாலும் எந்த வழக்கும் இருப்பதில்லை.

ஆகவே, போக வேண்டும் என்பதே என் பதில். அக்கா கதவைத் திறக்காமலும் போகலாம். ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ என்று ரோமர் 12:18 அதற்கும் இடம்விட்டே எழுதப்பட்டிருக்கிறது. திறந்தால், மன்னித்துவிட்டேன் என்று மட்டும் தொடங்காதீர்கள். கையெழுத்திட்ட அன்று அவர் மனத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்; சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். போகும்போது அந்தப் பத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.