பிள்ளைக்கு முதல் கம்பவுண்டு வில்: கேள்விகளும் பதில்களும்

தென்சென்னையில் வார இறுதிகளில் சிறுவர்களுக்கு வில்வித்தை கற்றுத்தருகிறேன். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கம்பவுண்டு கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறப்போகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து, பிள்ளைக்குக் கம்பவுண்டு வில் வாங்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். முனைகளில் சக்கரம் பொருத்திய வில்தான் கம்பவுண்டு; பெரும்பாலானவற்றில், முழுதாக இழுத்தபின் கையில் தங்கும் சுமையை அந்தச் சக்கரம் குறைத்துத் தரும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா: மேடம், மகனுக்கு எட்டு வயது. கடையில் 40 பவுண்டு வில்லைக் காட்டி, "இப்போதைக்குக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், வளர வளரக் கூட்டலாம்" என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். இங்கே பவுண்டு என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை; அதைத்தான் எடை என்கிறோம். எவ்வளவு வரை குறைக்க முடியும் என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா? பெரியவர்களுக்கான பெரும்பாலான வில்களில் லிம்பை, அதாவது வில்லின் வளையும் தகட்டை, இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் 10 பவுண்டு போலத்தான் இறங்கும். 40 என்பது 30 ஆகும். எட்டு வயதுக்கு 30 பவுண்டும் அதிகம். நான் அந்த வயதில் 10 முதல் 15 பவுண்டுக்குள் தொடங்குகிறேன். ஒல்லியான பிள்ளை என்றால் 8 பவுண்டு போதும்.

எடையைக்கூடச் சமாளித்துவிடலாம். நீளம்தான் பெரிய தொல்லை. கம்பவுண்டு வில்லில் நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்கலாம் என்பதை அதன் சக்கரமே தீர்மானிக்கிறது. அதைத்தான் டிரா லெங்த் என்கிறோம். மகனைச் சுவரோரம் நிற்கவைத்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுங்கள். 50 அங்குலம் இருந்தால் விடை 20. பெரியவர்களின் வில்கள் பல 25, 26 அங்குலத்துக்குக் கீழே வருவதில்லை. 20 அங்குலம் இழுக்கக்கூடிய பிள்ளை அதை இழுத்தால் சக்கரம் முழுதாகச் சுழலாது; சுமை குறைகிற இடம் வரவே வராது. முகத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், முதுகை வளைத்து, இடுப்பை முன்னே தள்ளிக்கொண்டு நிற்பான். சில மாதங்களில் அந்த நிலை உடம்பில் ஊறிவிடும். பிறகு அதைக் களைவதற்குள் அவனும் பயிற்சியாளரும் படுகிற பாடு கொஞ்சமல்ல.

தீபாவளிச் சட்டையை இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் கையை மடித்துவிடலாம். வில்லுக்கு அந்த வசதி கிடையாது.

அம்பத்தூர் அப்பா: சரி, பெரிய வில் வேண்டாம். எந்த வில்லைத்தான் வாங்குவது? பெயர் சொல்லுங்கள்.

சொல்கிறேன். சிறுவர்களுக்கான கம்பவுண்டு வில்களில் இரண்டு இனம் உண்டு.

முதலாவது ஜெனிசிஸ் போன்றது. அமெரிக்கப் பள்ளிகளில் வில்வித்தைத் திட்டத்துக்கென்றே பரவிய வில் அது. அதில் சுமைக் குறைப்பு, அதாவது லெட்-ஆஃப், கிடையாது. அதனால் குறிப்பிட்ட டிரா லெங்த்தும் கிடையாது. 15 அங்குலம் இழுக்கிற பிள்ளையும் 30 அங்குலம் இழுக்கிற அப்பாவும் ஒரே வில்லை எய்யலாம். எடையை 10 முதல் 20 பவுண்டு வரை அலன் சாவியால் மாற்றலாம். இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு மினி ஜெனிசிஸ் இருக்கிறது: 6 முதல் 12 பவுண்டு, 14 முதல் 25 அங்குலம். பிள்ளை வளர்கிற வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கலாம் என்பதுதான் இந்த இனத்தின் அழகு. குறை என்னவென்றால், 20 பவுண்டில் வைத்தால் குறிபார்க்கும் நேரம் முழுவதும் அந்த 20 பவுண்டையும் தாங்க வேண்டும்.

இரண்டாவது, எடையும் நீளமும் மிகப் பரந்த அளவில் மாறக்கூடியது. டைமண்ட் அட்டாமிக் 6 முதல் 29 பவுண்டு வரையும் 12 முதல் 24 அங்குலம் வரையும் மாறும். பேர் க்ரூசர் ஜி2 என்ற வில் 5 முதல் 70 பவுண்டு, 12 முதல் 30 அங்குலம். இவற்றில் லெட்-ஆஃப் உண்டு. 20 பவுண்டு வில்லில் 70 சதவீதம் குறைந்தால் முழுதாக இழுத்தபின் கையில் தங்குவது 6 பவுண்டுதான். ஆனால் பிள்ளை உயர உயர யாராவது அளந்து, சக்கரத்தில் டிரா லெங்த்தை மாற்றும் மாட்யூல் என்ற துண்டைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் உங்களுக்கு இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

பத்து வயதுக்குள் என்றால் மினி ஜெனிசிஸையே எடுக்கச் சொல்வேன். அதற்கு மேல், வாரந்தோறும் பயிற்சியாளரிடம் வருகிற, போட்டி ஆசை உள்ள பிள்ளைக்கு இரண்டாவது இனம். பொழுதுபோக்கு என்றால் ஜெனிசிஸ்; வீட்டில் எல்லோரும் எய்யலாம். 70 பவுண்டு வரை போகிறது என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். உலகப் போட்டிகளிலேயே உச்சவரம்பு 60 பவுண்டுதான்.

வேளச்சேரி அம்மா: கடையில் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், முடிந்தது. அது போதுமா?

ஒருமுறை எல்லோரும் இழுத்துவிடுவார்கள், வீம்பு அப்படி. மகளை நாற்காலியின் நுனியில் உட்காரவையுங்கள். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். அம்பைப் பூட்டி, நேராக இலக்குப் பலகையைப் பார்த்து, வில்லை மேலே தூக்காமல் இழுக்கட்டும். பத்து எண்ணும் வரை பிடித்திருந்து, எய்யாமல் மெதுவாக நாணைத் திரும்ப விடட்டும். இழுக்கும்போது வில் வானத்தைப் பார்த்தால் எடை அதிகம். முழங்கை நடுங்கினால் அதிகம். திரும்ப விடும்போது நாண் அவளை வெடுக்கென்று முன்னே இழுத்தால் மிக அதிகம். இரண்டு பவுண்டு குறைத்து மறுபடி பாருங்கள்.

வில்லின் சொந்த எடையையும் மறக்கக் கூடாது. ஜெனிசிஸே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பயிற்சியின் கடைசியில் அம்புகள் பலகையின் கீழ்ப்பாதியில் விழத் தொடங்கினால், இடது தோள் களைத்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி, வயது 11: அக்கா, கம்பவுண்டு எய்வது ஏமாற்று வேலை, சக்கரம்தான் எல்லாவற்றையும் செய்கிறது என்று ரீகர்வ் (சக்கரம் இல்லாத வில்) எய்கிற என் நண்பன் சொல்கிறான்.

சக்கரம் குறிபார்க்குமா தம்பி? சுமையைக் குறைத்துத் தருவதுதான் அதன் வேலை. அதற்கு ஈடாக இலக்கையும் கடினமாக்கிவிட்டார்கள்: 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் இலக்கு, அதிலும் வெளி வளையங்கள் கிடையாது. அந்த மட்டத்தில், பத்துப் புள்ளிக்குப் பதில் விழுகிற ஒரே ஒரு ஒன்பது பதக்கத்தைப் பறித்துவிடும். நம் கம்பவுண்டு வீராங்கனை அதிதி ஸ்வாமி 2023 இல் பெர்லினில் உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 17. அதே ஆண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா மூன்று தங்கம் வாங்கினார். சக்கரத்துக்கு யாரும் பதக்கம் போடவில்லை என்று நண்பனிடம் சொல். அவனுடைய ரீகர்வையும் ஒருநாள் வாங்கி எய்து பார், பிடித்தாலும் பிடிக்கும்.

அண்ணா நகர் அம்மா: மகள் வலது கைப் பழக்கம் உள்ளவள். வலது கை வில் வாங்கலாம்தானே?

கண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னே நீட்டி, நடுவில் சிறு துளை வருமாறு சேர்த்து, அதன் வழியாக இரண்டு கண்களாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வையை எடுக்காமல் கைகளை மெல்ல முகத்துக்குக் கொண்டுவரட்டும். துளை எந்தக் கண்ணுக்கு முன் வந்து நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். அது இடது கண்ணாக இருந்து, அவள் இப்போதுதான் தொடங்குகிறாள் என்றால், இடது கை வில்லையே நான் கொடுப்பேன். கடையில் ஒரு குழப்பம் வரும்: வலது கை வில் என்றால் நாணை வலது கையால் இழுப்பது. வில்லைப் பிடிப்பது இடது கை.

மேடவாக்கம் அப்பா: எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடி பெரியது. அங்கே பயிற்சி செய்யலாமா?

கூடாது. 20 பவுண்டு வில்லிலிருந்து தவறிப்போன அம்பு நூறு மீட்டரைத் தாண்டும். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் யார் வீட்டு வாசல், யார் தலை என்று உங்களுக்குத் தெரியாது. தரைத்தளக் கார் நிறுத்துமிடமும் கூடாது. தூணுக்குப் பின்னாலிருந்து காவலாளியோ பூனையோ எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பின்னால் யாரும் நுழைய வழியில்லாத சுற்றுச்சுவரும், அதற்கு முன் தடுப்பு வலையும், பலகையும் இருக்கிற மைதானம்தான் வேண்டும். தொடக்கத்தில் தூரமே தேவையில்லை. வெறும் பலகைக்கு மூன்று, நான்கு மீட்டர் முன்னால் நின்று எய்தாலே போதும்.

அடையாறு அப்பா: டல்லாஸில் இருக்கும் என் மைத்துனர் தன் பழைய வேட்டை வில்லை, அம்புகளோடு கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்.

மைத்துனருக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்பவுண்டு வில் பிறந்ததே அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காகத்தான். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அங்கே வேட்டை வில் என்றால் பெரும்பாலும் 60, 70 பவுண்டு, ஆறடி ஆளின் கைக்கு ஏற்ற நீளம். உங்கள் பிள்ளைக்கு அது ஆறேழு ஆண்டுகள் பரண்மேல் கிடக்கும். கத்திபோல் அலகு வைத்த வேட்டை அம்புமுனைகளை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். வேட்டை இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயிற்சிப் பலகையையும் அந்த முனை கிழித்துவிடும்.

குரோம்பேட்டை அம்மா: வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையன் அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுவிட்டான். பெரிய சத்தம். வில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இழுக்காதீர்கள், பழுது பார்ப்பவர் சரி என்று சொல்லும்வரை யாரும் தொட வேண்டாம். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கும் சக்கரத்துக்கும் போயிருக்கிறது. பஞ்சை எடுத்து இரண்டு லிம்புகளின் ஓரமாகவும் மெல்லத் தடவுங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே விரிசல். சக்கர விளிம்பு கோணியிருக்கிறதா, நாண் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாணைக் கழற்ற நீங்களே முயல வேண்டாம். அதற்கு பவ் பிரஸ் என்ற கருவி வேண்டும். இல்லாமல் கழற்றினால் லிம்ப் தெறித்து முகத்தைக் கிழிக்கும்.

விருந்தாளி வந்தால் வில் பீரோவுக்குள் இருக்க வேண்டும். இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூர் அப்பா: அம்பு எதை வாங்குவது? கார்பன்தான் நல்லது என்கிறார்களே?

முதல் அம்பு அலுமினியமாக இருக்கட்டும். ஜெனிசிஸுக்கு ஈஸ்டன் 1820 என்ற அளவு வருகிறது. வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், தூக்கிப் போடலாம். கார்பன் அம்பு உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் வெளியே தெரியாது. எய்யும்போது உடைந்து வில் பிடித்த கையில் சிலும்பு ஏறும். கார்பன் வாங்கியே தீருவேன் என்றால், ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் இரு முனைகளையும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நறநற என்றால் குப்பைக்கு. அம்பு கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும். குட்டையான அம்பு முழு இழுப்பில் தாங்கியிலிருந்து பின்னால் நழுவி விழுந்தால் கையிலேயே குத்தும்.

தாம்பரம் அம்மா: மகனுக்குப் பிறவியிலேயே ஒரு கை வளர்ச்சி குறைவு. அவனால் முடியுமா?

முடியும். ஷீத்தல் தேவிக்குக் கைகள் இல்லை. வில்லைக் காலால் தாங்கி, தோளால் நாணை இழுத்து எய்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணியில் வெண்கலம் வாங்கினார். அதுவும் கம்பவுண்டு பிரிவில்தான். கடையில் எதையும் வாங்காமல், மகனை நேரில் அழைத்து வாருங்கள். எந்தக் கையால் எதைப் பிடிப்பது என்று பார்த்தபிறகு வில்லை முடிவு செய்யலாம்.

பெசன்ட் நகரிலிருந்து ஒரு தாத்தா: அம்மா, பேத்திக்கு நான்தான் வாங்கித் தந்தேன். வில்லைக் கார் டிக்கியிலேயே வைத்திருக்கிறோம். ஞாயிறு தோறும் எடுப்பதற்கு வசதி.

ஐயா, இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் மூடிக் கிடக்கிற காருக்குள் லிம்ப் கெட்டுப்போகும், நாண் நீண்டுபோகும். பிறகு அம்பு போகிற இடமே மாறிவிடும். கடற்கரைப் பக்கம் என்பதால் திருகாணிகள் துருப்பிடிக்கும். எய்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். நாண் வெளுத்து, பஞ்சுபோல் பிரியத் தொடங்கினால் மெழுகு தடவி விரலால் தேய்க்க வேண்டும். அதைப் பேத்தியையே செய்யச் சொல்லுங்கள். வில்லை அறைக்குள் உறையிலேயே வையுங்கள். அம்புகள் வேறு அலமாரியில், பூட்டி. சாவி உங்களிடம்.