நியாயம் நம் பக்கம் இருக்கும்போது

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் குப்பையைத் தவறாமல் தரம் பிரித்துக் கொடுப்பவள் நான். எதிர்வீட்டுப் பெண்ணோ, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரின் டயாப்பரைச் சோற்றுக் கழிவோடு சேர்த்துக் கட்டிப் போடுகிறார். பலமுறை சொல்லியும் கேட்காததால் அந்தப் பையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றிலிருந்து அவர் என்னுடன் பேசுவதில்லை. தவறு அவருடையது, நிம்மதி போனது எனக்கு. ஏன்?
- வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

குப்பையைப் பொறுத்தவரை நியாயம் உங்கள் பக்கம்தான். வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும், டயாப்பரைத் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. உங்களை உறுத்துவது வேறு. அந்தப் பையைக் கண்ட கணத்தில், கோபத்தின் ஊடே ‘நான் சொன்னேனே’ என்று ஒரு சின்னத் திருப்தியும் எழுந்திருக்கும். கைப்பேசியை எடுக்க வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். (மறக்காமல் துணிப்பை கொண்டுபோன நாளில், கடையில் யாராவது கவனிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தவன் நான்.) நாளைக் காலை அவர் வாசலில் தரம் பிரித்த வாளிகள் இருந்தால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்குமா, அல்லது எதையோ பறிகொடுத்ததுபோல் இருக்குமா? பின்னதுதான் என்றால் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். தன்னைக் கூண்டில் ஏற்றுவதும், அடுத்தவரைக் கூண்டில் ஏற்றிய அதே நீதிபதியின் வேலைதான்.

இரவில் இரண்டு முறை எழுந்து டயாப்பர் மாற்றிவிட்டு, தூக்கம் கெட்ட கண்ணோடு விடியற்காலையில் அடுப்படிக்குப் போகிறவருக்குக் கையில் அகப்பட்டதுதான் குப்பைப் பை. அதனால் அவர் செய்வது சரியாகிவிடாது. அந்தப் பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையை நினைத்து நீங்கள் பதறுவதும் உண்மையே. ஆனால் ஒருவர் மீதுள்ள இரக்கத்தை மற்றவரை அடிக்கும் பிரம்பாக்கிவிட்டோமோ என்று யோசித்துப் பாருங்கள்.

சமநிலை என்றால் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று விடுவதன்று. ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ என்று வள்ளுவர் சொல்லும் துலாக்கோல், முதலில் தான் சமனாக நின்று, அதன் பிறகே வைத்த பொருளின் எடையைக் காட்டுகிறது. நிறுக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் தட்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவிட்டீர்கள்.

படம் போட்டதற்காக அதே குழுவில் வருத்தம் தெரிவியுங்கள். அடுத்த வாக்கியத்தை ‘ஆனால்’ என்று மட்டும் தொடங்காதீர்கள். பிறகு ஒரு நாள் கதவைத் தட்டி, அவருடைய மாமியாரின் உடல்நிலையை விசாரியுங்கள். அன்றைக்குக் குப்பைப் பேச்சு வேண்டாம். அடுத்த வாரம், டயாப்பர் சுற்றப் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு கொடுக்கலாம். விதியை நினைவூட்டுவதைக் குடியிருப்போர் சங்கம் எல்லோருக்கும் பொதுவாகச் செய்யட்டும். இத்தனைக்குப் பின்னும் அவர் பழையபடியே கட்டிப் போடக்கூடும். அப்போதும் உங்கள் வாளிகளை வழக்கம்போல் வாசலில் வைத்துவிட்டு, எதிர்வீட்டுப் பையை எட்டிப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுங்கள்.