நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாகக் காய்கறி வாங்கினால் உண்மையிலேயே பணம் மிஞ்சுமா?

மிஞ்சும், ஆனால் நாலைந்து குடும்பம் போதாது. சென்னையில் எங்கள் குடியிருப்பில் மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் வாங்குகிறோம். நான்கு வீடுகளோடு தொடங்கினோம். முதல் இரண்டு மாதம் கையைத்தான் கடித்தது.

கணக்கைச் சொல்கிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் கோயம்பேடு போவோம். மொத்தக் கடையில் தக்காளியைப் பெட்டியாகத்தான் தருவார்கள். ஏறக்குறைய 14 கிலோ. வெங்காயம் என்றால் மூட்டை. தெருமுனைக் கடையைவிட கிலோவுக்குச் சராசரியாக 15 ரூபாய் குறைந்தது. வீட்டுக்கு வாரம் 7 கிலோ என்றால் 105 ரூபாய் மிச்சம். சரக்கு ஆட்டோ வாடகையோ 480 ரூபாய். நான்காகப் பங்கிட்டால் வீட்டுக்கு 120! பன்னிரண்டு வீடுகள் சேர்ந்த பிறகு அதுவே 40 ரூபாயாக இறங்கியது. இப்போது வாரம் 65 ரூபாய் நிற்கிறது. அதிலும் சேதாரம் போகும். 350 ரூபாய்ப் பெட்டியின் அடியில் ஒரு கிலோவாவது நசுங்கியிருக்கும். அந்த 350 ரூபாயையும் மீதி 13 கிலோவின் மேல்தான் பங்கிட்டு விலை போடுகிறோம். இதை மறைத்தால் பின்னால் மனத்தாங்கல் வரும்.

என் வீட்டில் பெரிய மிச்சம் வந்தது வேறு வழியில். முன்பு என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போவேன். பீன்ஸ் என்ன விலை விற்றாலும் பீன்ஸ்தான். இப்போது சந்தைக்குப் போகும் இருவர் அன்று எது மலிவோ அதை வாங்கி வருகிறார்கள். முள்ளங்கி, சௌசௌ, பூசணி என்று வந்ததைச் சமைக்கிறோம். “எனக்கு இது மட்டும் வேண்டும்” என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுத்த நாட்களில் மொத்த விலையே கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சில்லறையில் வாங்க வேண்டியதாயிற்று. பட்டியலை விட மனமில்லாதவர்கள் இதில் சேராமல் இருப்பதே நல்லது.

பங்கு பிரிப்பதில்தான் சண்டை வரும். நல்ல கத்தரிக்காய் யாருக்குப் போனது என்று எங்களுக்குள்ளும் வந்தது. ஒரு மூத்த அம்மா வழி சொன்னார்: கூறு போடுகிறவர் கடைசியில் எடுக்க வேண்டும். அன்றிலிருந்து கூறுகள் சமமாக விழுகின்றன.

கீரையை மட்டும் இதில் சேர்க்கவில்லை. மதியத்துக்குள் வாடிவிடும். தவிர, தினமும் வாசலுக்கே கொண்டுவரும் கீரைக்கார அம்மாவின் பிழைப்பில் கைவைத்து நாங்கள் மிச்சம் பிடிப்பது சரியில்லை என்று எல்லோருமே நினைத்தோம்.

உங்கள் ஊரில் உழவர் சந்தை இருந்தால் இத்தனை பாடு வேண்டாம். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. விளைவித்தவரே நேரடியாக விற்பதால் ஒரு கிலோ வாங்குகிறவருக்கும் விலை கட்டுப்படியாகும். சென்னைவாசி என்றால் கூட்டுறவுத் துறை 2013இல் தொடங்கிய பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடை அருகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் பத்து வீடுகளையாவது சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். முதல் மாதம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டும் போதும். நான்கு நாள் தாமதமானாலும் கெடாது. பணத்தை வெள்ளிக்கிழமை இரவே வாங்கிவிடுங்கள்.